கடலூர்னு 400 தடவை எழுதி கெர்னலைக் கவுத்த கதை

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஓஞ்ச வாரம், அதாவது 2024 டிசம்பர் முதல் வாரம், தென்பெண்ணைத் தண்ணி ஊருக்குள்ள ஏறி வந்தப்போ செம்மண்டலத்துல கல்யாண வீடியோ ஸ்டுடியோ வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தரு போன் பண்ணாரு. "தம்பி, சர்வரு தரையில கிடக்குது, உள்ள கணுக்கால் தண்ணி வந்துடுச்சு, கொஞ்சம் வந்து தூக்கி வையேன்"னாரு. திருப்பாப்புலியூர்லருந்து வண்டிய தள்ளிக்கிட்டும் ஓட்டிக்கிட்டும் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆச்சு. போய்ப் பார்த்தா சர்வரு ஒரு செங்கல் மேல நிக்குது, தண்ணிக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை, அவ்ளோதான். தூக்கி பீரோ மேல வெச்சு, ரெண்டு நாள் ஃபேன் காத்துல காய விட்டு ஆன் பண்ணேன், நல்லவேளை வந்துடுச்சு. தண்ணியில இருந்து தப்பிச்சது. ஆனா ஆன் பண்ண கையோட சும்மா இருக்காம, ஓஎஸ்ஸோட அடி மையமான கெர்னல் எந்த வெர்ஷன்னு காட்டற யுனேம் கமாண்ட அடிச்சுப் பார்த்தேன் பாருங்க, அங்கதான் இந்தக் கதை ஆரம்பிக்குது.

செட்டப்பு என்னன்னா, ஒரு மூலையில ஹார்ட் டிஸ்கெல்லாம் அடுக்கின என்ஏஎஸ் பெட்டி, அது நெட்வொர்க் கேபிள் வழியா 3260 போர்ட்ல ஐஸ்கசி மூலமா டிஸ்க்க குடுக்கும். அத வாங்கி தன்னோட சொந்த ஹார்ட் டிஸ்க் மாதிரி மவுண்ட் பண்ணிக்கறது இந்த சர்வரு, ஓடறது சென்ட்ஓஎஸ் 7ங்கற லினக்ஸ். அதுலருந்து சாம்பாங்கற ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேர் வழியா எடிட்டிங் மெஷினுங்களுக்கு ஷேர் போகுது. இது போக எடிட்டிங் பசங்க மூணு பேரும் நேரா சர்வர்லயே லாகின் பண்ணி வீடியோ கன்வர்ட் ஓட்டுவாங்க. மூணு பேருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு மானிட்டர் மேலயே ஒட்டியிருக்கு, வெள்ளத்துலயும் அழியல. இத முதல்ல செட் பண்ணிக் குடுத்தவரு யாருன்னு கேட்டா "அந்தப் பையன் வெளிநாடு போயிட்டான்"னு பதில்.

கெர்னல் 3.10.0-1127. அது 2020ல வந்த சென்ட்ஓஎஸ் 7.8ஓட கெர்னல். நாலரை வருஷமா ஒரு அப்டேட் கூட போகல. சுவர்க்கடிகாரம் நின்னு போனா நாலு பேரு கவனிப்பாங்க, கெர்னல் நின்னு போனா ஒருத்தனும் கவனிக்க மாட்டான்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது 2021 மார்ச்ல வெளிய வந்த ஐஸ்கசி ஓட்டைங்க. கிரிம்ன்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி ஆளுங்க கண்டுபிடிச்சது, மொத்தம் மூணு, அதுல பெருசு சிவிஇ-2021-27365 (சிவிஇன்னா ஓட்டைங்களுக்குக் குடுக்கற பொது நம்பர்), லினக்ஸ் கெர்னலோட ஐஸ்கசி டிரைவர்ல ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது மெமரியில ஒதுக்கின இடத்தத் தாண்டி எழுதறது. கோடு உள்ள வந்தது 2006ல, புடிச்சது 2021ல, 15 வருஷம் அங்கேயே உக்காந்து இருந்திருக்கு. டேட்டா சென்டருங்க, பேங்குங்கன்னு இந்த டிரைவர் ஓடாத இடமில்ல, 15 வருஷம் ஒருத்தன் கண்ணுலயும் படல.

இது எப்படி நடக்குதுன்னா, உள்ள வர்ற வாசல் ஒண்ணு, வெளிய போற வாசல் ஒண்ணு. டிரைவருக்கு டார்கெட் (டிஸ்க்க குடுக்கற பக்கம்) பேரு, இனிஷியேட்டர் (வாங்கற பக்கம்) பேரு மாதிரி விஷயங்கள நெட்லிங்க்னு ஒரு வழியா அனுப்பலாம், அந்த வாசல் பெருசு, எவ்வளவு நீளமா அனுப்பினாலும் வாங்கி வெச்சுக்கும். அதே பேர நாம படிக்கணும்னா சிஸ்எஃப்எஸ் வழியா, அதாவது சிஸ் ஃபோல்டர்ல ஒரு ஃபைல் மாதிரி திறந்து படிப்போம், அந்த வாசல்ல கெர்னல் குடுக்கற பஃபர் ஒரே ஒரு பேஜ், நம்ம பிசிங்கள்ல 4096 பைட். டிரைவர் என்ன பண்ணுச்சுன்னா வெச்சிருந்த பேர எஸ்பிரிண்ட்எஃப்ங்கற ஃபங்ஷன் போட்டு அப்படியே அந்தப் பேஜ்ல ஊத்திடுச்சு. எஸ்பிரிண்ட்எஃப்க்கு எதிர்ல இருக்கற பாத்திரம் எவ்ளோ பெருசுன்னு தெரியாது, கேக்கவும் கேக்காது. ரேஷன் கடையில மண்ணெண்ணெ ஊத்தறவரு உங்க கேனப் பார்க்காம அளவ மட்டும் பார்த்து ஊத்தினா என்ன ஆகும், கேன் நிறைஞ்சு பக்கத்துல நிக்கறவங்க அரிசிப் பையில போகும். இங்க அரிசிப் பைன்னா மெமரியில பக்கத்துல இருக்கற வேற யாரோ ஒருத்தரோட டேட்டா.

எழுதினவன் முட்டாள்னு நான் சொல்ல மாட்டேன். ஐஸ்கசி ஸ்டாண்டர்ட் 2004ல வந்தப்பவே ஐஸ்கசி பேரு 223 பைட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. 223 எங்க, 4096 எங்க, தாராளமா இருக்கேன்னு நினைச்சிருப்பான், நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். ஆனா அந்த 223ஐ வாசல்ல நின்னு யாரும் அளக்கல. மத்த ரெண்டு ஓட்டையும் இதுக்குத் தோதா அமைஞ்சுது, 27364ன்னா ரூட் (முழு அதிகாரம் உள்ள அட்மின்) இல்லாத சாதா யூசர் கூட அந்த நெட்லிங்க் வாசல்ல மெசேஜ் போடலாம், 27363ன்னா கெர்னல் உள்ள இருக்கற ஒரு அட்ரஸ எல்லாரும் படிக்கற மாதிரி ஃபைல்ல போட்டு வெச்சிருக்கு. மூணையும் கோத்தா லாகின் இருக்கற எவன் வேணா ரூட் ஆகலாம்.

அண்ணன்கிட்ட சொன்னேன்.

"வைரஸா தம்பி?"

"வைரஸ் இல்லண்ணே, டிரைவர்ல ஓட்டை. உள்ள லாகின் இருக்கறவன் முழு கன்ட்ரோல் எடுக்கலாம்."

"உள்ள இருக்கறது நம்ம பசங்கதானப்பா."

இந்த இடத்துலதான் எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. 'லோக்கல் யூசருக்கு மட்டும்தான்'னு போட்டிருக்கற ஓட்டைய நம்ம ஆளுங்க யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க, ஏன்னா லோக்கல்னா நம்ம வீட்டு ஆளுன்னு அர்த்தம் ஆயிடுது. போட்டோ எடுக்க வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரைக்கும் எல்லாரும் மானிட்டர்ல ஒட்டின பாஸ்வேர்ட பார்த்திருக்காங்க. சரி, வாயால சொன்னா புரியாது, எனக்கே இத முழுசா கையால தொட்டுப் பார்த்தது இல்ல, படிச்சதுதான். ஒரு தடவை நானே ஒடைச்சுப் பார்த்துட்டு அப்புறம் அவருக்குச் சொல்றேன்னு கிளம்பிட்டேன். அவரோட சர்வர்ல இல்லீங்க, என் லேப்டாப்ல, விர்ச்சுவல் மெஷின்ல.

நிஜ ஐஸ்கசி ஓட்டைய அப்படியே ஓட்டிப் பார்க்கற ஆசை எனக்கு இல்ல, அது தேவையும் இல்ல. அதே தப்ப அதே மாதிரி செய்யற ஒரு குட்டி மாட்யூல் (கெர்னலுக்குள்ள செருகற துண்டு புரோகிராம்) நானே எழுதறதுன்னு முடிவு பண்ணேன், ஒரு லேபிள வாங்கி வெச்சுக்கும், சிஸ்எஃப்எஸ்ல கேட்டா எஸ்பிரிண்ட்எஃப் போட்டு காட்டும், அவ்ளோதான், நாப்பது வரி கூட வராது. கெர்னல் 5.10.20 எடுத்துக்கிட்டேன், ஏன்னா ஐஸ்கசி பேட்ச் வந்தது 5.10.21ல, அப்போ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்.

கம்பைல் பண்றதுலயே முதல் அடி. என் லேப்டாப்ல டெபியன் 12, ஜிசிசி 12. ஆப்ஜ்டூல்னு ஒண்ணு பில்ட் ஆகறப்ப 'ரீஅல்லாக் பண்ணதுக்கு அப்புறம் பாயிண்டர யூஸ் பண்றே'ன்னு எர்ரர் அடிச்சு நின்னுடுச்சு. புது கம்பைலர் பழைய கோட பார்த்து முறைக்குது, கெர்னல் மேல தப்பு தேட வந்தவனுக்கு கெர்னல் டூல் மேல தப்பு காட்டுது. கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிட்டு, ஏன் வம்புன்னு டெபியன் 11 ஒரு விஎம் போட்டு அதுல ஜிசிசி 10 வெச்சு பில்ட் பண்ணேன். எட்டு ஜிபி ரேம், பழைய ஐ3, ராத்திரி பத்துக்கு ஓட்ட ஆரம்பிச்சா பதினொண்ணே காலுக்கு கரண்ட் போச்சு, லேப்டாப் பேட்டரி ஊருக்கே தெரிஞ்ச லட்சணம். மறுநாள் விட்ட இடத்துலருந்து மேக். டீஃபால்ட் கான்ஃபிக்லதான் பில்ட் பண்ணேன், அது ஏன் முக்கியம்னு பின்னாடி வரும்.

மாட்யூல எழுதி முடிச்சாச்சு. லேபிள எப்படி உள்ள குடுக்கறதுன்னு யோசிச்சு, சுலபமா இருக்கட்டும்னு மாட்யூல் பாராமீட்டரா வெச்சேன், மாட்யூல உள்ள ஏத்தற இன்ஸ்மாட் கமாண்ட அடிக்கறப்பவே லேபிள் ஈக்வல்ஸ் நீளமா ஒரு ஸ்ட்ரிங். அடிச்சேன், வந்த பதில் என்ன தெரியுமா, 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. டிஸ்க் ஃபுல்லாம்! கெர்னல் பில்ட் பண்ணா டிஸ்க் நிறையறது சகஜம்தானேன்னு நானும் நம்பி, பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் எல்லாம் அழிச்சு, ஏபிடி கேஷ கழுவி, அரை மணி நேரம் வீட்டைப் பெருக்கின மாதிரி பெருக்கினேன். டிஎஃப் அடிச்சுப் பார்த்தா பாதி டிஸ்க் காலியா கிடக்குது. திரும்ப இன்ஸ்மாட், திரும்ப அதே டிஸ்க் ஃபுல். அப்புறம்தான் புத்தி வந்து டிமெசேஜ் (கெர்னல் எழுதி வெக்கற லாக்) பார்த்தேன், 'லேபிள் பாராமீட்டருக்கு இது ரொம்பப் பெருசு'ன்னு தெளிவா எழுதி வெச்சிருக்கு. ஸ்ட்ரிங் பாராமீட்டர்னா 1024 எழுத்துக்கு மேல கெர்னல் வாங்காது, வாங்க முடியாதுங்கறத சொல்றதுக்கு அது வெச்சிருக்கற எர்ரர் நம்பர், டிஸ்க் ஃபுல்லுக்கு இருக்கற அதே நம்பர்.

எரிச்சலாத்தான் இருந்துச்சு, ஆனா யோசிச்சுப் பாருங்க, இந்த வாசல்ல ஒரு வாட்ச்மேன் நிக்கறான். 1024னு ஒரே ஒரு செக். இந்த மாதிரி ஒரு ஆள்தான் ஐஸ்கசி வாசல்ல 15 வருஷமா இல்லாம போனது.

சரின்னு வழிய மாத்தினேன். சிஸ்எஃப்எஸ் ஃபைல்லயே எழுதற மாதிரி ஒரு ஸ்டோர் ஃபங்ஷன், ஒவ்வொரு தடவை எழுதறப்பவும் பழசோட பின்னாடி ஒட்டிக்கிட்டே போகும், உள்ள 16 கேபி இடம், அந்த 16 கேபிய தாண்டாம ஒழுங்கா செக்கும் வெச்சேன். அதாவது உள்ள வர்ற பக்கம் பாதுகாப்பு, வெளிய போற பக்கம் மட்டும் வெறும் எஸ்பிரிண்ட்எஃப். வேணும்னேதான்.

என்ன எழுதறது? எல்லாரும் ஏ ஏ ஏன்னு நிரப்புவாங்க. நான் கடலூர்னு நிரப்பினேன். சும்மா ஊர்ப்பாசம்னு வெச்சுக்கோங்க, ஆனா அதுலயும் ஒரு வசதி இருந்துச்சு. நம்ம கண்ணுக்கு கடலூர்னா நாலு எழுத்து, யூனிகோட்ல க, ட, ல, ஊ கால், ர, புள்ளின்னு ஆறு, ஒவ்வொண்ணும் மூணு பைட், மொத்தம் 18 பைட். ஏ ஏ ஏன்னு நிரப்பினா எந்த ஏ எங்க போச்சுன்னு தெரியாது, இதுல எந்தப் பைட்ட பார்த்தாலும் அது கடலூர்ல எந்த எழுத்துன்னு சொல்லிடலாம்.

முதல்ல 250 தடவை, 4500 பைட். பேஜ விட 404 பைட் ஜாஸ்தி. ஃபைல படிச்சுக் காட்டற கேட் கமாண்ட அடிச்சேன். திரை பூரா கடலூர் கடலூர் கடலூர், ஒரு கோளாறும் இல்ல, ப்ராம்ப்ட் திரும்ப வந்துடுச்சு. வேர்ட்கவுண்ட் போட்டா 4095 பைட். கடைசியா என்ன இருக்குன்னு பார்த்தா, 227 கடலூர் முழுசா, 228வது கடலூர் 'கடல'ன்னு பாதியில நிக்குது. அடடா, கெர்னலே வெட்டிடுச்சு, பாதுகாப்பாத்தான் இருக்குன்னு ஒரு நிமிஷம் நானே ஏமாந்துட்டேன்.

டிமெசேஜ்ல ஒரு வரி மட்டும் இருந்துச்சு, ஷோ ஃபங்ஷன் 'பேட் கவுண்ட்' திருப்பிக் குடுத்துச்சுன்னு. சிஸ்எஃப்எஸ் கோட திறந்து அந்த வரிய தேடினேன். அங்க என்ன பண்றாங்கன்னா, டிரைவர் எழுதி முடிச்சதுக்கு அப்புறம் 'எவ்ளோ எழுதினே'ன்னு கேக்கறாங்க, 4096 இல்ல அதுக்கு மேலன்னு சொன்னா புலம்பிட்டு கணக்க 4095னு மாத்திக்கறாங்க. பக்கத்துல ஒரு கமெண்ட், எப்படியோ தட்டுத்தடுமாறி ஓட்டிப் பார்ப்போம்ங்கற அர்த்தத்துல. நல்லா கவனிங்க, வெட்டினது நமக்குக் காட்டற கணக்க மட்டும்தான். மெமரியில அந்த 404 பைட் ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்குள்ள போயாச்சு. மண்ணெண்ணெ கொட்டினதுக்கு அப்புறம் பில்ல மட்டும் சரியா போட்டுக் குடுக்கற மாதிரி.

அடுத்து 400 தடவை, 7200 பைட். கேட் அடிச்சேன், திரும்பவும் அதே 4095, அதே 'கடல', ஒண்ணும் ஆகல. இன்னொரு தடவை அடிச்சேன், ஒண்ணும் ஆகல. என்னடா இது, இவ்ளோ பேசறாங்க, ஓட்டைன்னு உலகமே அலறுச்சு, இங்க ஒரு சத்தமும் காணோமேன்னு சலிச்சுப் போய் என்ன ப்ராசஸ் ஓடுதுன்னு பார்க்க பிஎஸ் கமாண்ட் அடிச்சேன். டமால். திரை பூரா ரெஜிஸ்டரும் கால் டிரேஸும், விஎம் உறைஞ்சு போச்சு.

கீழ செத்தவன் பேரு என்னன்னு பார்த்தா பிஎஸ். என் மாட்யூல் பேரு அந்த டிரேஸ்ல எங்கேயுமே இல்ல. பாவம் பிஎஸ்ஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் பண்ண பாவம், அது தலையில விடிஞ்சுது.

இங்கதான் எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போச்சு, ஆனா இந்த மொத்த வேலையிலயும் எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். 'ஜெனரல் ப்ரொடக்ஷன் ஃபால்ட், நான்-கனானிக்கல் அட்ரஸ்', அதாவது இருக்கவே முடியாத விலாசம்னு சொல்லி ஒரு பெரிய ஹெக்ஸ் நம்பர் குடுத்திருந்துச்சு. ரெண்டு ரெண்டு எழுத்தா பிரிச்சா ஏஇ, இ0, 82, ஏஎஃப், இ0, பி2, பி6, இ0. நம்ம ப்ராசசர் பைட்ட பின்பக்கமா அடுக்கும், அதனால தலைகீழா படிக்கணும். இ0, பி6, பி2. இ0, ஏஎஃப், 82. இ0, ஏஇ. யூடிஎஃப்-8ல தமிழ் எழுத்து எல்லாமே இ0ல ஆரம்பிக்கும், ரெண்டாவது பைட் ஏஇ இல்லேன்னா ஏஎஃப். இ0 ஏஎஃப் 82ன்னா ஊ கால். கடலூர்ல ஊ காலுக்கு முன்னாடி வர்றது ல, லவோட பைட் இ0 ஏஇ பி2. ஆனா இங்க இ0 பி6 பி2ன்னு இருக்கு. நடுவுல ஏஇ இருக்கற இடத்துல பி6. மத்தது எல்லாம் அச்சு அசலா ஒத்து வருது, இந்த ஒரு பைட் மட்டும் உதைக்குது.

ஏஇயோட 8 கூட்டினா பி6. அந்த இடத்துல 8ன்னா முழு நம்பர்ல 2048. யாரு 2048 கூட்டினது?

கெர்னல் மெமரிய பங்கு போட்டுக் குடுக்கற ஸ்லப் கோட படிச்சதும் விளங்கிடுச்சு. கெர்னல் 4096 பைட் துண்டுங்கள எல்லாம் பக்கம் பக்கமா அடுக்கி வெச்சிருக்கும், காலியா இருக்கற துண்டுக்குள்ளயே 'அடுத்த காலித் துண்டு எங்க'ன்னு ஒரு அட்ரஸ எழுதி வெச்சிருக்கும். முன்னெல்லாம் அத துண்டோட ஆரம்பத்துலயே எழுதும், 5.7 கெர்னல்லருந்து துண்டோட நடுவுல, அதாவது 4096ல பாதி, 2048வது பைட்ல எழுதுது, ஆரம்பத்துல வெச்சா சின்னதா வழிஞ்சா கூட அழிஞ்சுடும்ங்கறதுக்காக. அதனாலதான் 404 பைட் வழிஞ்சப்ப ஒண்ணும் ஆகல, நடு வரைக்கும் போகவே இல்ல. 7200ல 3104 பைட் வழிஞ்சு நடுவையும் தாண்டிடுச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, 4096ஓட 2048, 6144. அதை 18ஆல வகுத்தா 341 முழு கடலூர், மீதி 6 பைட். அப்போ 342வது கடலூர்ல க, ட முடிஞ்சு 'ல'வுல ஆரம்பிக்குது அந்த எட்டு பைட். ல, ஊ கால், அப்புறம் 'ர'வுல மூணுல ரெண்டு பைட். சரியா பொருந்துது!

அப்புறம் நடந்தது என்னன்னா, யாரோ ஒருத்தர் வந்து அந்தக் கெட்டுப்போன துண்ட வாங்கறாங்க, அது நல்லாவே போகுது, போறப்ப அதுக்குள்ள இருக்கற 'லூ'வ அடுத்த அட்ரஸ்னு நம்பி கெர்னல் குறிச்சு வெச்சுக்குது. அதுக்கும் அடுத்து வர்றவன் துண்டு கேக்கறப்பதான் 'லூ'ங்கற விலாசத்துக்குப் போயி, அங்க நடுவுல அடுத்த அட்ரஸ் இருக்கும்னு 2048 கூட்டி எட்டிப் பார்க்குது, அப்படி ஒரு விலாசமே உலகத்துல இல்ல, டமால். வந்து மாட்டினது பிஎஸ், ஏன்னா அது ப்ராசஸ் விவரம் இருக்கற ப்ராக் ஃபைல்கள படிக்க இதே சைஸ் துண்டுதான் கேக்கும். டீஃபால்ட் கான்ஃபிக்ல பில்ட் பண்ணதாலதான் இதெல்லாம் இவ்ளோ சுத்தமா கண்ணுல பட்டுச்சு, டிஸ்ட்ரோ (ரெடிமேடா வர்ற லினக்ஸ்) கெர்னல்கள்ல பெரும்பாலும் இந்த அட்ரஸ எக்ஸ்ஆர் போட்டு கலைச்சு வெச்சிருப்பாங்க, அதுல கடலூர தேடினாலும் கிடைக்காது.

நான் 'லூ'ன்னு எழுதினதால செத்துப் போச்சு. விவரம் தெரிஞ்சவன் அங்க ஒரு உருப்படியான அட்ரஸ எழுதினா? சாகாது, அவன் சொன்ன இடத்துக்குப் போகும்.

அடுத்த நாள் கேசான் ஆன் பண்ணி திரும்ப பில்ட். இது கெர்னலுக்கு மெமரி தணிக்கை அதிகாரி மாதிரி, ரேம்ல எட்டுல ஒரு பங்க தன் கணக்குப் புத்தகத்துக்கு எடுத்துக்கும், எல்லாம் ஆமை வேகம், ஆனா கையும் களவுமா பிடிக்கும். 250 கடலூர் போட்டு கேட் அடிச்ச மறு நொடியே 'ஸ்லாப் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், ஒரு பைட் எழுதறான், 4096 பைட் பகுதிக்கு வலப்பக்கம் 0 பைட் தூரத்துல'ன்னு ரிப்போர்ட், டிரேஸ்ல என் மாட்யூல் பேரு, ஷோ ஃபங்ஷன் பேரு, எஸ்பிரிண்ட்எஃப் எல்லாம் வரிசையா. நேத்து ஒரு ராத்திரி முழுக்க ஹெக்ஸ் கணக்குப் போட்டது இன்னைக்கு ரெண்டு செகண்ட். நேத்து போட்டது வீண்னு நான் நினைக்கல, கேசான் மட்டும் பார்த்திருந்தா பிஎஸ் ஏன் செத்துச்சுன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

சரி செய்யறது ஒரே வரி. எஸ்பிரிண்ட்எஃப்ப எடுத்துட்டு சிஸ்எஃப்எஸ்-எமிட். 5.10ல புதுசா வந்த ஃபங்ஷன், ஒரு பேஜ்தான்னு அதுக்கே தெரியும், அதுக்கு மேல ஒரு பைட் எழுதாது. மாத்திட்டு 400 கடலூர் போட்டு கேட் அடிச்சா, 4095 பைட், கடைசியில 'கடல'. அதே 'கடல'! வெளியில இருந்து பார்க்கறவனுக்கு ஓட்டை இருந்தப்பவும் இதே அவுட்புட்தான், அடைச்சதுக்கு அப்புறமும் இதே அவுட்புட்தான். டிமெசேஜ்ல அந்த ஒரு புலம்பல் வரி இல்ல, கேசான் வாயத் திறக்கல, அவ்ளோதான் வித்தியாசம். டெஸ்ட் பண்றவன் அவுட்புட்ட மட்டும் பார்த்தா 15 வருஷம் இல்ல, 50 வருஷம் ஆனாலும் கண்டுபிடிக்க மாட்டான்.

அப்புறம் 5.10.20க்கும் 5.10.21க்கும் ஐஸ்கசி ஃபைலுங்கள டிஃப் போட்டுப் பார்த்தேன். நான் பண்ண அதே வேலைதான், ஆனா பக்கம் பக்கமா. எஸ்பிரிண்ட்எஃப் இருந்த இடமெல்லாம் எமிட். அது போக வாசல்லயும் ஆள் போட்டுட்டாங்க, ஒரு பேஜ விட நீளமா பாராமீட்டர் வந்தா திருப்பி அனுப்பிடு, அட்மின் இல்லாதவன் மெசேஜ் போட்டா திருப்பி அனுப்பிடு, அந்த கெர்னல் அட்ரஸ் ஃபைலும் அட்மினுக்கு மட்டும். 5.4 மாதிரி பழைய கெர்னலுக்கு எமிட்டே கிடையாதே, அதனால 5.4.103ல முதல்ல எமிட்ட கொண்டு போய் சேர்த்துட்டு அப்புறம் இந்த பேட்ச போட்டிருக்காங்க.

இப்போ அண்ணன் சர்வர். டிரைவரே வேணாம்னு பிளாக்லிஸ்ட் பண்ணலாம்னு பார்த்தா ஐஸ்கசி இல்லாம அவரு டிஸ்க்கே இல்ல, ரெண்டு மாச கல்யாணம் எல்லாம் அதுலதான் இருக்கு. அப்டேட் ஒண்ணுதான் வழி. யம் அப்டேட் அடிச்சா மிரர்லிஸ்ட் சர்வரே இல்லன்னு வருது, சென்ட்ஓஎஸ் 7 ஆயுசு 2024 ஜூன் 30ஓட முடிஞ்சு போச்சே. ரெப்போ ஃபைல்ல மிரர்லிஸ்ட் வரிய அடைச்சுட்டு பேஸ்யுஆர்எல்ல வால்ட் (பழைய வெர்ஷனுங்க கிடங்கு) அட்ரஸ போட்டதும் வந்துச்சு, கடைசியா வந்த 1160.119.1 கெர்னல் இறங்கிடுச்சு. இதுல ஒரு விஷயம், பேரு இன்னும் 3.10தான், நம்பரப் பார்த்து 'ஐயோ 5.10.21 இல்லையே'ன்னு பயப்படக்கூடாது, சென்ட்ஓஎஸ்ஸுக்கு மூலமான ரெட்ஹாட்காரங்க பேட்ச மட்டும் பழைய கெர்னலுக்குப் பின்னாடி கொண்டு போய் தைப்பாங்க. ஆர்பிஎம்ல கெர்னலோட சேஞ்ச்லாக் எடுத்து 27365ன்னு கிரெப் பண்ணா சிஸ்எஃப்எஸ் அளவ பேஜ்க்குள்ள அடக்கின வரி வந்து நின்னுச்சு. நம்பர நம்பாதீங்க, சேஞ்ச்லாக்க பாருங்க.

ரீபூட் ராத்திரி பதினொன்றரைக்கு, ஏன்னா மறுநாள் ஒரு ரிசப்ஷன் வீடியோ டெலிவரி. மவுண்ட கையால பண்ணிக்கிட்டு இருந்தாங்க, நான் பெரிய புத்திசாலி மாதிரி பூட் ஆகறப்ப தானா மவுண்ட் பண்ண வேண்டிய லிஸ்ட்டான எஃப்எஸ்டேப்ல ஒரு வரி சேர்த்து வெச்சிருந்தேன். ரீபூட் அடிச்சா தொண்ணூறு செகண்ட் முழிச்சிட்டு எமர்ஜென்சி மோட், ரூட் பாஸ்வேர்ட் குடுன்னு கேக்குது. அண்ணன் மூஞ்சி வெளிறிப் போச்சு, "தம்பி அந்த நாகப்பட்டினம் கல்யாணம் போச்சா?"ன்னாரு. என் தப்புதான், ஐஸ்கசி டிஸ்க்குக்கு எஃப்எஸ்டேப்ல நெட்டெவ் ஆப்ஷன் போடணும், இல்லேன்னா நெட்வொர்க் எழுந்துக்கறதுக்கு முன்னாடியே டிஸ்க்க தேடி ஏமாந்து நின்னுடும். போட்டு ரீபூட் அடிச்சதும் பன்னெண்டே காலுக்கு எல்லாம் வந்துடுச்சு, நாகப்பட்டினம் கல்யாணமும் பத்திரம்.

மூணு பசங்களுக்கும் தனித்தனி லாகின் போட்டேன், மானிட்டர்ல இருந்த ஸ்டிக்கர கிழிச்சேன். ஒருத்தன் மட்டும் "எதுக்குண்ணா, ஒண்ணே ஈஸியா இருந்துச்சே"ன்னான், அவனுக்கு விஎம்ல எடுத்து வெச்சிருந்த பிஎஸ் செத்த ஸ்க்ரீன்ஷாட்ட காட்டினேன், "யாரு தப்பு பண்ணான்னு இதுல இருந்து சொல்லு பார்ப்போம்"னு. முறைச்சுப் பார்த்துட்டு பாஸ்வேர்ட் மாத்திக்கிட்டான்.

அண்ணன் காசு குடுக்கறப்ப கேட்டாரு, "இத்தன நாளு உக்காந்தியே, மொத்தமா என்னதான் மாத்தின?"

"உங்க மெஷின்ல கெர்னல் அப்டேட்டுண்ணே. என் மெஷின்ல ஒரு வரி."

"ஒரு வரிக்கா ஒரு வாரம்?"

1500 குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். சென்ட்ஓஎஸ் 7க்கு இனிமே புதுசா பேட்ச் வராது, அதனால முழுசா வேற ஓஎஸ்ஸுக்கு மாத்தணும்னு சொல்லி வெச்சிருக்கேன், தை மாச முகூர்த்தமெல்லாம் முடியட்டும்னாரு. சர்வர் இன்னும் பீரோ மேலதான் இருக்கு, கீழ இறக்க வேணாம்னு நானும் சொல்லிட்டேன்.